பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு சீட்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு கிறவல் ஒழுங்கையில் என் கடை இருக்கிறது. தொழில் வாகன வயரிங். வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே நிற்பது 1990 ஆம் ஆண்டு மாஸ்டா எம்.எக்ஸ்-5. ஜப்பானில் இதை யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள். இரண்டே சீட், கன்வஸ் கூரை, மாரி மழைக்கு ஒழுகும். இதைப் பார்த்து மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்கள் முதலில் "அண்ணை, லீட்டருக்கு எவ்வளவு ஓடும்?" என்பார்கள். அடுத்த கேள்வி அநேகமாகச் சீட்டைப் பற்றித்தான். அவர்கள் வீட்டிலும் ஒரு பழைய சிவிக்கோ லான்சரோ எம்.ஆர்.2வோ சீட் கிழிந்து நிற்கும். வருடக்கணக்காக ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதிவைத்தால் தொண்டை மிச்சம்.

சீட் கிழிந்துபோச்சு. வேறு வாங்கவா, இருப்பதைச் செய்விக்கவா?

போனது எது என்று முதலில் பாருங்கள். ஒரு சீட்டில் நான்கு சமாச்சாரம் உண்டு: மேலே உறை, உள்ளே ஸ்பொஞ்ச், அதற்குள் இரும்புச் சட்டம், அடியில் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துகிற ரெயில். உறையும் ஸ்பொஞ்சும் போனால் அது குஷன் கடை வேலை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பஸ் சீட், ஓட்டோ சீட் என்று நாள் முழுக்கத் தைக்கிற கைகள் இருக்கின்றன. பழைய உறையைப் பிரித்து மாதிரிக்குக் கொடுத்தால் ஸ்போர்ட்ஸ் சீட்டும் தைப்பார்கள். சட்டமோ, முதுகைச் சாய்க்கிற பற்களோ, ரெயிலோ போனால்தான் வேறு சீட் தேட வேண்டிவரும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு உறைதான் போயிருக்கும். ஆனால் வருவதற்கு முதலே கொழும்புக்குப் போன் போட்டு விலை கேட்டு, மனதில் ஒரு சிவப்புச் சீட்டைப் பூட்டியும் விட்டிருப்பார்கள்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: காசைச் சட்டத்துக்கும் ரெயிலுக்கும் கொடுங்கள். துணி கடைசி.

சட்டம் சரியா பிழையா என்று எப்படித் தெரியும்?

சீட் காருக்குள் இருக்கும்போது தெரியாது. கழற்ற வேண்டும். ஜப்பான் கார்களில் பெரும்பாலும் நான்கு போல்ட், 14 ஸ்பானர். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி முன் இரண்டையும், முன்னுக்கு இழுத்துப் பின் இரண்டையும் கழற்றுங்கள். அடியில் மஞ்சள் நிறப் பிளக் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டு, கீழே எயர்பேக் பற்றிய பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

என் காரின் ஓட்டுநர் சீட்டை முதன்முதலில் கழற்றி உரச்சாக்கின் மேல் கவிழ்த்தபோது, ரெயில் இடுக்கிலிருந்து ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு செம்மண் கொட்டியது. மிச்சம் பழைய கிரீஸோடு குழைந்து ஒட்டியிருந்தது. விரலுக்கிடையில் உருட்டினால் மணல்தாளைத் தொட்ட மாதிரி. சோளகக் காற்றுக் காலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடிய ஒவ்வொரு நாளும் அதற்குள் இருந்தது. ஒரு பக்க ரெயிலில் பூட்டு விழுகிற பல் பாதி தேய்ந்துவிட்டது. அதற்கு முந்தின மாதம் முறிகண்டிக்குக் கிட்ட மாடு குறுக்கே வந்து பிரேக்கை அழுத்தியபோது, சீட் ஒரு பல் முன்னுக்கு நழுவி நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்தது. மாட்டைத்தான் அன்றைக்குத் திட்டினேன். அம்மா, பிள்ளையார் காப்பாற்றினார் என்று தேங்காய் உடைத்தார்.

ஆக, பார்க்க வேண்டியவை. சீட்டைக் கவிழ்த்து வைத்து ரெயிலை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். இரண்டு பக்கப் பூட்டும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் கம்பி இழுபட்டிருக்கும், அதைச் சரிசெய்யலாம். பல் தேய்ந்திருந்தால் சரிசெய்ய முடியாது. பிறகு நிமிர்த்தி, அடியை முழங்காலால் அழுத்திக்கொண்டு முதுகின் மேல் மூலையைப் பிடித்து முறுக்குங்கள். முதுகு ஒரு பக்கமாகத் திரும்பிக் கொடுத்தால் சாய்வுப் பல் ஒன்று போயிருக்கிறது, இல்லாவிட்டால் சட்டம் எங்கோ வெடித்திருக்கிறது. வெடிப்பு அநேகமாக முதுகும் அடியும் சேர்கிற வெல்டிங் ஓரத்தில் இருக்கும். டோர்ச் அடித்துப் பாருங்கள், கோடு போலத் துருக்கசிவு தெரியும்.

ஸ்பொஞ்சை அமுக்கும்போது மஞ்சள் தூள் கொட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. அதற்காகச் சீட்டை எறிய வேண்டாம்.

எங்கே தேடுவது?

வன்னிக்குள் தேடினால் கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைக்கிற இடம் கொழும்பு பஞ்சிகாவத்தைதான். ஒரு தெருக்கூட்டமே பழைய வாகனச் சாமான். அங்கே போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: ஜப்பானிலிருந்து வெட்டி அனுப்பும் கார்களில் ஹாஃப் கட் வேறு, நோஸ் கட் வேறு. நோஸ் கட் என்றால் முன்மூக்கு மட்டும், எஞ்சினும் லைட்டும் வரும், சீட் வராது. ஹாஃப் கட்டில் முன் கதவு வரைக்கும் வந்தால் முன் சீட்டும் சேர்ந்து வரும். அதனால் "சீட் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்காமல், இன்ன பொடி நம்பர் கார் ஹாஃப் கட் வந்ததா, சீட் ரெயிலோடு கழற்றினீர்களா என்று கேளுங்கள். ரெயிலோடு கழற்றிய சீட்டும், ரெயிலைத் தரையில் விட்டுவிட்டுக் கழற்றிய சீட்டும் ஒன்றல்ல.

இக்மன் விளம்பரத் தளம், பேஸ்புக் விற்பனைப் பக்கங்கள் எல்லாம் பார்க்கலாம். படத்தில் சீட்டின் முன்பக்கம் மட்டும் இருந்தால், அடிப்பக்கப் படம் கேளுங்கள். அடிப்பக்கப் படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்கி நான் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை.

வேறு காரின் சீட் பொருந்துமா?

ஒரே குடும்பத்துக் கார் என்றால் பொருந்தும், அதுதான் மிக மலிவான வழியும். எம்.எக்ஸ்-5 இல் 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறைக்கும், 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக்கும் சீட் மாறிப் பூட்டலாம், ஓட்டை ஓட்டைக்கு விழும். ஈ.கே. வகை சிவிக் வைத்திருப்பவருக்கு 1997இல் வந்த டைப் ஆரின் சிவப்பு ரெக்காரோ பூட்டிக்கொள்ளும். லான்சர்காரர்களுக்கும் அந்த வசதி உண்டு. லான்சரின் ஸ்போர்ட்ஸ் வடிவமான எவோவில் (எவலூஷன்) 4, 5, 6 மூன்றும் சி.கே. லான்சரின் மேல் கட்டியவை. 7, 8, 9 மூன்றும் சி.எஸ். லான்சரின் மேல் கட்டியவை. அந்தந்தப் பொடிக்கு அந்தந்த எவோவின் ரெக்காரோ. விலை வேறு கதை. எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருப்பதால் விற்பவருக்கும் தெரியும்.

குடும்பம் மாறினால் அளவு நாடா இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அளவெடு, அளவெடு என்கிறீர்கள். எதை அளக்க?

நான் அளக்காமல் வாங்கின கதையிலிருந்து தொடங்குகிறேன். கொழும்பில் ஒரு கடையில் சிவப்பு நிறத்தில் ஒரு சோடி, பெரிய பெயர் போட்ட சீட், விலையும் வாய்த்தது. சாணால் அளந்தேன். என் சாணும் கடைக்காரரின் வாயும் ஒத்துப்போயின. இரவு பஸ்ஸில் போட்டு விடிய இறக்கி, தேத்தண்ணியும் குடிக்காமல் பூட்டப் போனால், சீட்டின் பக்கச் செட்டை கதவின் உள்தட்டில் முட்டுகிறது. கதவு சாத்த ஒரு விரல் இடம் காணாது. மற்றப் பக்கம் தள்ளினால் ஹாண்ட் பிரேக்கை இழுக்கக் கை போகாது. திருப்பிக் கொண்டுபோனால் எடுக்க மாட்டோம் என்றார்கள். பிழை என்னுடையது.

இப்போது அளக்கிறவை. முதலாவது, நான்கு போல்ட் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு: முன் இரண்டின் இடைவெளி, பின் இரண்டின் இடைவெளி, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள நீளம், பிறகு இரண்டு மூலைவிட்டம். முன் அகலமும் பின் அகலமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல கார்களில் இருக்காது. இரண்டாவது, உயரம். கார்த்தரை மட்டமாக இருக்காது. கியர் லிவர் நிற்கிற நடுமேட்டுப் பக்கக் கால் ஒரு உயரம், கதவுப் பக்கக் கால் இன்னொரு உயரம். ஒரு நேர்ப்பலகையைக் குறுக்கே வைத்து நான்கு மூலையிலும் இறக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, கதவைச் சாத்திவிட்டு அதன் உள்தட்டிலிருந்து நடுமேடு வரை உள்ள அகலம். இதை இருக்கை மட்டத்தில் ஒருமுறை, தோள் மட்டத்தில் ஒருமுறை அளக்க வேண்டும். நான் தவறியது இங்கேதான். நான்காவது, நீங்கள் உட்கார்ந்தபோது தலைக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளி.

மூன்று கதவுக் கார் என்றால், பின்னுக்கு ஏற முன் சீட் மடிய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். பக்கெட் சீட், அதாவது ஒரே ஓடாக வார்த்த பந்தயச் சீட், மடியாது. பின்னால் பிள்ளைகள் ஏறுகிற வீடு என்றால் அதோடு கதை முடிந்தது.

எல்லாவற்றையும் ஒரு அட்டையில் வரைந்து, ஓட்டைகளைக் குத்தி, அந்த அட்டையைச் சுருட்டிக்கொண்டு கொழும்புக்குப் போங்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

ரெக்காரோ, பிரைட், ஸ்பார்கோ: உண்மையா போலியா?

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம். ரெக்காரோ ஜெர்மன்காரருடையது. 1906இல் ஸ்டுட்கார்ட்டில் வில்ஹெல்ம் ராய்ட்டர் தொடங்கிய வண்டிக்கூடு கட்டும் பட்டறைதான் அதன் மூலம்; போர்ஷே 356க்குக் கூடு கட்டிய பட்டறை அது. 1963இல் கூடு கட்டும் பகுதியைப் போர்ஷேக்கு விற்றுவிட்டுச் சீட்டுக்கு மட்டும் மாறினார்கள். ராய்ட்டர் என்ற பெயரின் தலையும், கூட்டுக்கான சொல்லின் தலையும் சேர்ந்து வந்த பெயர்தான் ரெக்காரோ. 2024இல் அதன் கார்ச்சீட் நிறுவனம் நொடித்துப்போனதாக விண்ணப்பித்தது, அதையும் சாட்டாக வைத்து விலை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பார்கோ இத்தாலி, 1977. பிரைட் ஜப்பான்.

உலகத்தில் அதிகம் போலி அடிபட்ட சீட் எது என்று கேட்டால் நான் பிரைட்டைத்தான் சொல்வேன். கறுப்பிலிருந்து வெளிறிக்கொண்டு போகிற அந்த எழுத்துத் துணி மீட்டர் கணக்கில் விற்பனைக்குக் கிடைக்கிறது. எந்தப் பிளாஸ்டிக் கதிரைக்கும் அதைத் தைத்து விடலாம். ஆகவே துணியைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். சீட்டைத் திருப்பி அடி லேபலைப் பாருங்கள், இலக்கம் இருக்கிறதா என்று. பெல்ட் நுழைகிற துளைக்குள் விரலை விட்டு, துணிக்கு உள்ளே இருக்கிற ஓட்டின் தடிப்பையும் ஓரத்தையும் தடவுங்கள். நல்ல ஓடு ஒரே சீராக இருக்கும். போலியில் கண்ணாடிநார் முள் விரலில் ஏறும். முதுகின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினால் நெளியக் கூடாது.

ஐரோப்பாவில் பந்தயத்துக்குப் போட்ட சீட்டுகளும் சிலவேளை மலிவாக வரும். அவற்றில் எஃப்.ஐ.ஏ. (உலகக் கார்ப் பந்தய அமைப்பு) 8855-1999 என்று லேபல் இருந்தால், அந்தத் தரத்துச் சீட்டுக்குப் பந்தய ஆயுள் உற்பத்தியிலிருந்து 5 வருடம். அது முடிந்ததால்தான் மலிவு. முடிந்த சீட்டை நம் றோட்டுக்கு வைக்கலாமா என்றால், துணியைக் கழற்றி ஓட்டில் வெடிப்பு இல்லை என்று கண்ணால் காணும் வரைக்கும் நான் வைக்க மாட்டேன்.

சரி, விலைக்கு வருவோம். ஒரு சோடிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

எல்லோரும் ஒரு தொகையை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி இது. தொகை மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குப் போடுகிற முறை மாறாது. கீழே வருகிற எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை. இதைக் காட்டி யாரோடும் பேரம் பேசப் போக வேண்டாம்.

ஒரு கடையில் சோடி 80,000 ரூபாய் என்கிறார்கள், ரெயில் இல்லை. இன்னொரு கடையில் 110,000, ரெயிலோடு, ஓட்டுநர் பக்கச் செட்டை அமுங்கவில்லை. முதலாவது மலிவு போலத் தெரியும். இப்போது கூட்டுங்கள். ரெயில் தனியாக 20,000. அந்த ரெயிலை உங்கள் தரைக்குப் பொருத்த வெல்டிங் பிராக்கெட் 12,000. ஏற்றுக்கூலி 5,000. அமுங்கின செட்டைக்கு ஸ்பொஞ்ச் வைத்துத் தைக்க 18,000. மொத்தம் 135,000. இரண்டாவதற்கு ஏற்றுக்கூலி மட்டும்: 115,000. எண்களை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ரெயிலோடு வருகிற சீட்தான் வெல்லும்.

பேரத்துக்குச் சில விஷயம். ஓட்டுநர் சீட்டில் கதவுப் பக்கச் செட்டைதான் முதலில் சாகும், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அதன்மேல்தான் உரசுகிறோம். அது நிமிர்ந்து நின்றால் சீட் அதிகம் ஓடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இடப்பக்கச் சீட் மட்டும் தனியாகக் கிடந்தால் மலிவாகத் தருவார்கள், ஏனென்றால் யாரும் தேடுவதில்லை. பல கார்களில் இரண்டு பக்கமும் அடிக்குஷன் ஒரே வடிவம். அப்படியென்றால் அந்த ஒற்றைச் சீட்டை வாங்கி, அதன் நல்ல ஸ்பொஞ்சை ஓட்டுநர் பக்கச் சட்டத்துக்கு மாற்றிவிடலாம். நான் செய்தது இதைத்தான். வெள்ளத்தில் நின்ற கார்ச் சீட்டை மூக்கால் கண்டுபிடிக்கலாம், வாசனை திரவியம் அடித்திருந்தால் ரெயில் இடுக்கைப் பாருங்கள். காய்ந்த வண்டல் அங்கே கிடக்கும். அதற்கு எந்த விலையும் கூடத்தான்.

உறை கிழிந்திருப்பதைக் காட்டி விலையைக் குறையுங்கள். கிழிந்த உறையோடு உறுதியான சட்டம் கிடைத்தால், அதுதான் சந்தையில் நல்ல பேரம். விற்பவர் வெட்கப்படுகிற இடத்தில் உங்களுக்கு நட்டமே இல்லை.

கனடாவில் மச்சான் இருக்கிறார். அவரை அனுப்பச் சொல்லவா?

மச்சான் நல்லவராக இருக்கலாம், ஆனால் கனடாவில் ஸ்டியரிங் இடப்பக்கம். பிரான்ஸ், சுவிஸ், ஜெர்மனி எல்லாம் அப்படியே. அங்குள்ள ஓட்டுநர் சீட் நமக்கு இடப்பக்கச் சீட். அவர்களது மற்றச் சீட்டை நம் ஓட்டுநர் பக்கம் போட்டால், உயரம் ஏற்றி இறக்குகிற வசதி பல கார்களில் அதில் இருக்காது. லண்டனில் உறவு இருந்தால் அது வேறு. அங்கே ஸ்டியரிங் நம்மைப் போல வலப்பக்கம். ஜப்பானும் அப்படியே.

பிறகு கூலி. சீட் 15 கிலோதானே என்று நினைப்பீர்கள். விமானக் கூரியர்காரர் எடையோடு பெட்டியின் இடத்தையும் கணக்கிடுவார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கம். 100 க்கு 60 க்கு 60 பெட்டி என்றால் 360,000. வகுத்தால் 72 கிலோ. பதினைந்து கிலோ சீட்டுக்கு எழுபத்திரண்டு கிலோவுக்குக் காசு. கப்பலில் போட்டால் அதே பெட்டி 0.36 கன மீற்றர்தான், சோடி 0.72. ஆறுதலாக வரும், ஆனால் கட்டுப்படியாகும். யாராவது வீட்டுச் சாமான் பெட்டி அனுப்பும்போது சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

சுங்கத்தில் வரி சீட்டின் விலைக்கு மட்டும் அல்ல, கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு. அதற்கு மேல் 18 வீதம் வற் வரி இருக்கிறது. வாகனச் சீட்டுக்கான சுங்க வகைப்பாட்டு இலக்கம் 9401.20, அதைச் சொல்லி, அன்றைய வரி வீதங்களை அனுப்ப முதலே முகவரிடம் கேட்டுவையுங்கள்.

கொழும்பிலிருந்து எப்படிக் கொண்டுவருவது?

இரவு பஸ். சாமான் அறையில் போடச் சொல்லி, கண்டக்டரின் போன் இலக்கத்தை வாங்கி, விடிய றோட்டோரம் நிற்க வேண்டும். கட்டுவதற்கு முதல் ரெயிலை முழுக்கப் பின்னுக்குத் தள்ளிக் கயிற்றால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அது ஓடி ஓடி உறையைக் கிழிக்கும். ஓரங்களுக்கு அட்டை, மேலே பொலித்தீன். கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று கண்டக்டரிடம் கெஞ்சுங்கள். இது பகிடி இல்லை.

எயர்பேக், மஞ்சள் பிளக், பெல்ட் பூட்டு: இவற்றைப் பற்றி?

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து சில கார்களின் சீட்டுக்குள்ளேயே பக்க எயர்பேக் வரத் தொடங்கிவிட்டது. அந்த வயருக்கு மஞ்சள் பிளக். கழற்றுவதற்கு முதல் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டு ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடியுங்கள். மின்தேக்கியில் மிச்சம் இருப்பது வடியட்டும். அந்தப் பிளக்குக்குள் மீட்டர் முனையைக் குத்திப் பார்க்கிற ஆர்வம் வேண்டாம். மீட்டரின் சின்ன மின்னோட்டமே எயர்பேக்கை வெடிக்க வைக்கக்கூடும். சீட்டை மாற்றிய பின் டாஷ்போர்டில் எரியும் எயர்பேக் லைட்டை அணைக்க ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிடும்படி கேட்கிறார்கள். நான் வைப்பதில்லை. காரை நாளைக்கு வாங்குகிறவன் எயர்பேக் இருக்கிறது என்று நம்பி ஓடுவான்.

எண்பதுகளின் கார்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெல்ட் பூட்டு இருக்கிறது. பல கார்களில் அது சீட்டின் சட்டத்தில்தான் பூட்டியிருக்கும். வேறு சீட் போட்டால் பூட்டுக்கு இடம் இல்லாமல் போகும். அப்போது ரெயிலின் பக்கத்தில் கம்பெனி விட்ட இடம் இருக்கிறதா பாருங்கள். பிராக்கெட் தகட்டில் கண்ட இடத்தில் ஓட்டை போட்டு மாட்டாதீர்கள். மோதும்போது உங்கள் முழு எடையும் அந்த ஓட்டையில் தொங்கும். பெல்ட் போல்ட் அநேக கார்களில் 7/16 அங்குலத்து நுண்புரி. பெட்டிக்கடை மெட்ரிக் போல்ட் அதற்குள் இரண்டு சுற்று ஏறிவிட்டுப் புரியைக் கெடுக்கும்.

நான்கு முனைப் பந்தய பெல்ட் போடலாமா?

பின்னால் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கிற இரும்பு வளைவு) இல்லாத காருக்கு வேண்டாம். கம்பெனிப் பெல்ட் போதும்.

வெல்டிங் கடையில் பிராக்கெட் செய்விக்கலாமா?

செய்விக்கலாம், கேற் செய்கிற இரும்பில் அல்ல. எஃப்.ஐ.ஏ. பந்தயக் கார்களுக்கு வைத்திருக்கிற அளவை நான் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்கிறேன்: சீட்டுக்கு நான்கு பிடிப்பு, போல்ட் 8 மில்லிமீற்றருக்குக் குறையாமல், தாங்கும் தகடு உருக்கென்றால் 3 மில்லிமீற்றர், அலுமினியம் என்றால் 5. தரையில் புது ஓட்டை போட்டால் அடியில் எதிர்த்தகடு வைத்து, ஒவ்வொரு பிடிப்புக்கும் குறைந்தது 40 சதுர சென்ரிமீற்றர் தொடுபரப்பு. போல்ட்டின் தலையில் 8.8 என்ற உறுதித் தர எண் பொறித்திருக்க வேண்டும். தலையில் ஒன்றும் இல்லாத போல்ட் வேலிக்குச் சரி.

முடிந்தவரை கம்பெனி விட்ட நான்கு ஓட்டையையே பாவியுங்கள். முப்பது வருடத்துத் தகரத்தில் துளை போடுகிறபோது என்ன வெளிவரும் என்று துளைக்கும் வரை தெரியாது.

நான் உயரம். தலை கூரையில் முட்டுகிறது. தாழ்வான சீட் வாங்கவா?

முதலில் இருக்கிற சீட்டின் அடிக்குஷனைக் கழற்றி, ஸ்பொஞ்சின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு அங்குலம் சீவச் சொல்லுங்கள். உலகம் முழுக்க எம்.எக்ஸ்-5 வைத்திருக்கிற நெட்டையர்கள் செய்வது இதைத்தான். குஷன்காரர் ஹாக்சோ பிளேட்டால் பத்து நிமிடத்தில் சீவிவிடுவார். மேல்பக்கத்தைச் சீவ விடாதீர்கள், வடிவம் போய்விடும்.

உறைக்கு எந்தத் துணி நல்லது?

கறுப்பு ரெக்சின் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல எல்லோரும் கறுப்பு ரெக்சினைத்தான் எடுப்பார்கள். சித்திரை வெயிலில் பரந்தன் சந்தியில் அரை மணித்தியாலம் நிறுத்திவிட்டு அரைக்கால்சட்டையோடு ஏறி உட்கார்ந்தால் விளங்கும். உட்காருகிற நடுப்பகுதிக்குத் துணி, உரசுகிற செட்டைகளுக்கு ரெக்சின்: இதுதான் எங்கள் வெக்கைக்கும் புழுதிக்கும் ஒத்துவருவது. என் சீட் சாம்பல் துணியும் கடும்நீல ரெக்சினும். லெதர் என்று விற்பதன் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், பின்னலாடை போல் துணி தெரிந்தால் அது ரெக்சின்.

நூலைக் கவனியுங்கள். பருத்தி நூல் வெயிலில் இரண்டு வருடத்தில் உக்கிவிடும். திறந்த கூரைக் காருக்குப் பொலியெஸ்டர் நூல், அது வெயிலை நைலோனைவிடத் தாங்கும். குஷன்காரரிடம் பழைய உறையின் தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதையே அச்சாகப் பாவிக்கச் சொல்லுங்கள். கண்மதிப்பில் வெட்டினால் செட்டை வளைவில் சுருக்கம் விழும். ஸ்பொஞ்சுக்குள் ஓடுகிற கம்பிகளையும், உறையை உள்ளே இழுத்துப் பிடிக்கிற வளையங்களையும் எறிந்துவிட்டுப் பசை பூசி ஒட்டுகிறவர்கள் உண்டு. மூன்றாம் மாதம் நடுப்பகுதி பலாப்பழம் போல் மேலே உப்பும். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ரெயிலை டீசலில் கழுவி, தூரிகையால் தேய்த்து, காயவைத்து, மிக மெல்லிதாகக் கிரீஸ். அள்ளிப் பூசினால் அடுத்த சோளகத்தில் மறுபடியும் அரைக்கிற பசை.

பழைய எம்.ஜி., மொறிஸ் மாதிரி வண்டிகளுக்கு?

எம்.ஜி.பி. போன்ற ஆங்கிலக் கார்களுக்கு இங்கிலாந்தில் இன்னமும் உறை, ஸ்பொஞ்ச், அடியில் பிடிக்கிற ரப்பர் விரிப்பு எல்லாம் புதிதாகச் செய்கிறார்கள். சீட்டாக எடுப்பிக்காமல் அந்தச் சாமானை மட்டும் எடுப்பித்தால் பெட்டி சின்னது, கூலியும் சின்னது. தைக்க ஆள் தேடும்போது வயதானவராகப் பாருங்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறை அது. கிடைத்ததை வைத்து வேலை முடிக்கிற பழக்கம் அந்தக் கைகளில் இருக்கிறது.

பழைய சீட்டை என்ன செய்ய?

வைத்திருங்கள். கிழிந்திருந்தாலும் வைத்திருங்கள். காரை விற்கும்போது ஒரிஜினல் சீட் இருக்கிறதா என்று கேட்கிற ஆள்தான் நல்ல விலை கொடுக்கிற ஆள். எலி ஏறாத இடமாகப் பாருங்கள், ஸ்பொஞ்ச் என்றால் எலிக்குப் பஞ்சு மெத்தை.

கடை வாசலில் இருக்கிற சிவப்புச் சீட் இரண்டும் விலைக்கா?

இல்லை. ஒரு பலகையில் பூட்டி வைத்திருக்கிறேன், நீங்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது உட்கார்ந்திருப்பது அதில்தான். யாராவது உண்மையாகவே வேண்டும் என்றால், காரின் கதவைச் சாத்தி அகலத்தை அளந்துகொண்டு வாருங்கள், பேசுவோம்.